கரண்ட் வராத கார் சாக்கெட்: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் ஒரு காரில் இன்று வரைபடம் காட்டும் கைப்பேசி, முன்கண்ணாடியில் ஒட்டிய டேஷ்கேம், பின்னிருக்கையில் பிள்ளைகள் கையில் ஒரு டேப்லெட் என்று சார்ஜ் கேட்கும் பொருள்கள் இரண்டு மூன்றாவது இருக்கின்றன. அவை எல்லாம் பெரும்பாலும் நம்பியிருப்பது கியர் கம்பிக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு வட்டச் சாக்கெட்டைத்தான். அந்தச் சாக்கெட்டில் ஒருநாள் கரண்ட் வராமல் போனால், சிலர் உடனே புதுச் சார்ஜர் வாங்கிவிடுகிறார்கள்; சிலர் நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். ஒரு டார்ச்சும் சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூசும் இருந்தால், மின்வேலை தெரியாதவர்கூட இந்தக் கோளாறின் பெரும்பகுதியைத் தாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியது, சோதனைகளை வரிசை மாற்றாமல் செய்வது.

இந்த வேலையை வீட்டு வாசலிலேயே, பகல் வெளிச்சத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலையில், வளைவின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைப்பது நல்லதன்று.

சாக்கெட்டுக்குக் கரண்ட் வரும் வழி

இப்போது சார்ஜர் செருகும் இந்தக் குழி, முதலில் சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காக ஏற்பட்டது. அதனால்தான் மெக்கானிக்குகள் இன்றும் அதை லைட்டர் சாக்கெட் என்றே சொல்கிறார்கள். குழியின் அடியில், நடுவே தெரியும் சிறு உலோகப் பொட்டு பாசிட்டிவ். குழியைச் சுற்றியுள்ள உலோகச் சுவர் நெகட்டிவ். பேட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட், சாவி சுவிட்ச் அல்லது ஒரு ரிலே (கரண்ட்டால் இயங்கும் சிறு சுவிட்ச்) வழியாக வந்து, பியூசைக் கடந்து, ஒயரில் ஓடி, சாக்கெட்டின் பின்புறம் மாட்டியுள்ள கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) மூலம் நடுப்பொட்டுக்கு வருகிறது. சார்ஜரில் வேலை முடித்து, சுவரிலிருந்து கறுப்பு ஒயர் வழியாகக் காரின் பாடிக்கு இறங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. இந்த வட்டத்தில் எந்த இடம் அறுந்தாலும் சாக்கெட்டில் கரண்ட் இருக்காது. போகும் பாதை மட்டுமல்லாமல் திரும்பும் பாதையும் அறுந்திருக்கலாம் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டீசல், பெட்ரோல் கார்களில் மட்டுமல்லாமல் மின்சாரக் கார்களிலும் இந்தச் சாக்கெட் 12 வோல்ட் துணைப் பேட்டரியிலிருந்தே ஓடுகிறது. ஆகவே கீழே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும். ஆரஞ்சு நிற உறையிட்ட ஒயர்களை மட்டும் மின்சாரக் கார்களில் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. அவை உயர் மின்னழுத்த ஒயர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டார்ச், காது குடையும் பஞ்சுக் குச்சி, காரில் உள்ள பியூஸ்களுக்குப் பொருந்தும் சில உதிரிப் பியூஸ்கள், அவற்றைப் பிடுங்கும் சிறிய பிளாஸ்டிக் இடுக்கி, 12 வோல்ட் டெஸ்ட் லைட் அல்லது ஒரு மல்டிமீட்டர். இடுக்கி பல கார்களில் பியூஸ் பெட்டிக்குள்ளேயே செருகி வைக்கப்பட்டிருக்கும். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கார் வைத்திருப்பவர் வீட்டில் அது இருப்பது நல்லது.

வீட்டில் பிளக் பாயிண்ட்டைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதனுள் இருக்கும் நியான் விளக்கு 12 வோல்ட்டில் எரியவே எரியாது. நன்றாக இருக்கும் சாக்கெட்டில் வைத்தாலும் இருட்டாகத்தான் இருக்கும். நீங்களோ சாக்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பேட்டரிக் கடைகளில் கிடைக்கும், ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் கவ்வும் கொண்ட 12 வோல்ட் டெஸ்ட் லைட்தான் வேண்டும்.

முதலில் காருக்கு வெளியே

சாக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரையும் கேபிளையும் விசாரித்துவிட வேண்டும். அதே சார்ஜரை, அதே கேபிளோடு, நண்பர் ஒருவரின் காரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் காரில் குற்றமில்லை. பக்கத்தில் வேறு கார் இல்லையெனில், வேறொரு சார்ஜரையோ காற்றடிக்கும் பம்பையோ உங்கள் சாக்கெட்டில் செருகிப் பார்க்கலாம்.

சில சார்ஜர்களின் மூக்கு நுனியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு கண்ணாடிப் பியூஸ் இருக்கும். அது கறுத்திருந்தாலோ உள்ளே இழை அறுந்திருந்தாலோ அதை மட்டும் மாற்றினால் போதும். கழற்றும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் தெறித்து இருக்கைக்கு அடியில் ஓடிவிடும் என்பதால், ஒரு துணியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள். அடுத்து, சார்ஜரின் இரு பக்கங்களிலும் புடைத்திருக்கும் உலோகக் காதுகளைப் பாருங்கள். சுவரைத் தொட்டு நெகட்டிவ் இணைப்பைத் தருபவை அவைதான். நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். நேரான சாலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்து, மலைச்சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறுகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இந்தக் காதுகளையும், கனமான சார்ஜர் தன் எடையாலேயே மெல்ல வெளியே நழுவுவதையும்தான். விலைமலிவான குட்டைச் சார்ஜர்களில் இன்னொரு குறை உண்டு: அவற்றின் மூக்கு, ஆழமான சாக்கெட்டின் அடிப்பொட்டை எட்டுவதே இல்லை.

கைப்பேசியும் சில சமயம் ஏமாற்றும். சித்திரை வெயிலில் முன்கண்ணாடியில் மாட்டிய கைப்பேசி சூடேறிவிட்டால், தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜ் ஏறுவதைத் தானே குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். அதை ஏசி காற்று படும் இடத்துக்கு மாற்றி ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மியூசிக் சிஸ்டத்தோடு சேர்ந்த யூஎஸ்பி துளையும் வட்டச் சாக்கெட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய கார்களில் அந்தத் துளை பாட்டுக் கேட்பதற்கென்று வைக்கப்பட்டது. வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசிக்கு அது தரும் கரண்ட் போதாது.

காரோடு லைட்டரும் வந்திருந்தால், அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. உள்ளே அழுத்திவிட்டு விரல் வைக்காமல் காத்திருங்கள். சிறிது நேரத்தில் அது சிவந்து தானே வெளியே துள்ளினால், பேட்டரி முதல் சாக்கெட் வரை பாதை முழுவதும் நலம். கைப்பேசிச் சார்ஜரைவிடப் பல மடங்கு கரண்ட்டை அது இழுக்கிறது என்பதால் இந்தச் சோதனையை நம்பலாம். பவர் அவுட்லெட் என்று மட்டும் எழுதியிருக்கும் சாக்கெட்டில் லைட்டரைச் செருகக்கூடாது. அது சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று.

சாவியின் நிலை

பெரும்பாலான கார்களில் சாவியை ஏசிசி (ACC) என்ற நிலைக்கு, அதாவது இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் கரண்ட் தரும் நிலைக்குத் திருப்பினால்தான் சாக்கெட்டுக்குக் கரண்ட் வரும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பொதுவாகக் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். சில கார்களில் இக்னிஷன் முழுவதும் ஆன் ஆனால் மட்டுமே வரும். சிலவற்றில் வண்டியைப் பூட்டிய பிறகும் வந்துகொண்டிருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் சார்ஜ் ஒருமுறை அறுந்து மீண்டும் வருவது கோளாறல்ல.

சாவியை ஏசிசியில் வைத்துக்கொண்டே ரேடியோ பாடுகிறதா, பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்யும் மோட்டார் அசைகிறதா என்று பாருங்கள். சாக்கெட்டோடு அவையும் சேர்ந்து நின்றுபோயிருந்தால், பல இணைப்புகளுக்குப் பொதுவான ஒரு பியூசோ ரிலேயோதான் போயிருக்க வேண்டும். அவை ஓடி, சாக்கெட் மட்டும் ஓடாவிட்டால், தேடும் இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

சாக்கெட்டின் உள்ளே

சாவியை முழுவதும் ஆஃப் செய்துவிட்டு, கையோடு எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் கரண்ட் வரும் வகைச் சாக்கெட் என்றால், அதன் பியூசையும் பிடுங்கிவிட்ட பிறகே உள்ளே எதையும் விட வேண்டும். இப்போது டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கார்களில் சாக்கெட்டுக்குப் பக்கத்துத் தட்டு ஒரு சிறு உண்டியலாகவே பயன்படுகிறது. சில்லறைக் காசு, சேப்டி பின், மாத்திரை அட்டையின் ஜிகினாத் தாள், கோட்டை மாரியம்மன் கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. காசோ பின்னோ குழிக்குள் விழுந்து, நடுப்பொட்டையும் சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் அது நேரடி ஷார்ட். பியூஸ் அந்தக் கணமே போய்விடும். காசு நேராகக் கிடக்கும்வரை ஒன்றும் நடக்காமல், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அது சாய்ந்து பியூஸ் போவதும் உண்டு. அதனால்தான் நேற்று வரை நன்றாக இருந்தது என்று பலரும் சொல்கிறார்கள். மூடி இல்லாத சாக்கெட்டுக்கு ஒரு ரப்பர் மூடி போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

உள்ளே விழுந்ததை எடுக்க மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் இடுக்கியையே பயன்படுத்துங்கள். வீட்டுச் சாவி, ஹேர்பின், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை கூடாது. திருநீறு, சாம்பல், துணிப் பிசிறு போன்றவற்றை வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடலாம். காபியோ குளிர்பானமோ சிந்திப் பிசுபிசுத்திருந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையோ கான்டாக்ட் கிளீனரையோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகே சோதிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

ஏற்காட்டில் வசிப்பவர்களும், சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்துபவர்களும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் சாரலும் மாறி மாறி வரும் அந்தக் காற்றில், சில மாதம் பயன்படுத்தாத சாக்கெட்டின் சுவரில் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு படலம் பிடித்துவிடலாம். பியூசைப் பிடுங்கிவிட்டு, நைஸ் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். நடுப்பொட்டு உள்ளே அமுங்கியிருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் ஓரம் உருகியோ பழுப்பேறியோ இருந்தால் துடைத்துப் பயனில்லை. சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

பியூஸ்

நமது கார்களில் வழக்கமாக இரண்டு பியூஸ் பெட்டிகள் இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில், பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்கால் அருகே ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால். மற்றொன்று பானெட்டுக்குள், பேட்டரியின் பக்கத்தில். சாக்கெட்டின் பியூஸ் பொதுவாக முதல் பெட்டியில் இருக்கும். மூடியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ எந்த எண்ணுக்கு எது என்ற படம் இருக்கும்; லைட்டர், சாக்கெட், பவர் அவுட்லெட், ஏசிசி ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் தனிச் சாக்கெட் இருந்தால் அவற்றுக்குத் தனிப் பியூஸ் இருக்கலாம். எதையும் பிடுங்குவதற்கு முன் பெட்டியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் லைட் இருந்தால் பியூசைப் பிடுங்காமலே சோதிக்கலாம். பியூசின் முதுகில், இரு ஓரங்களிலும் ஊசி நுனி படும் அளவுக்கு உலோகம் தெரியும். டெஸ்ட் லைட்டின் கவ்வைப் பெயிண்ட் இல்லாத ஒரு பாடி போல்ட்டில் மாட்டி, சாவியை ஏசிசியில் வைத்து, அந்த இரு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் விளக்கு எரிந்தால் பியூஸ் நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு அப்பால், சாக்கெட் பக்கம். ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் பியூசுக்கே கரண்ட் வரவில்லை. கவ்வு சரியாகக் கடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு சாவி சுவிட்ச், ரிலே ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

டெஸ்ட் லைட் இல்லாதவர்கள் சாவியை ஆஃப் செய்து, இடுக்கியால் பியூசை நேராக மேலே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். உள்ளே வளைந்து செல்லும் உலோக இழை அறுந்திருந்தால் போய்விட்டது என்று பொருள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், மல்டிமீட்டரின் பீப் ஒலிக்கும் நிலையில் இரு கால்களையும் தொட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

போன பியூசைத் தூக்கி எறியாதீர்கள். நோய் என்ன என்று அதுவே சொல்லும். இழை நடுவில் மட்டும் அமைதியாக உருகி விலகியிருந்தால், பெரும்பாலும் அளவுக்கு மேல் லோடு ஏற்றப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் உள்ளே கறுத்து, உலோகத் துளிகள் தெறித்திருந்தால் ஷார்ட். 10 ஆம்பியர் பியூஸ் 11 ஆம்பியரில் உடனே உருகிவிடாது. சற்றே மீறிய லோடைப் பல நிமிடங்கள்கூடத் தாங்கிவிட்டுப் பிறகு உருகும். அதனால்தான் காற்றடிக்கும் பம்பு முதல் இரண்டு டயருக்கு ஒழுங்காக ஓடிவிட்டு மூன்றாவது டயரில் திடீரென்று நிற்கிறது. ஷார்ட்டில் அப்படி இல்லை, நொடிக்குள் முடிந்துவிடும். ஆகவே பியூஸ் போன நேரத்தில் சாக்கெட்டில் என்ன மாட்டியிருந்தது, எவ்வளவு நேரம் ஓடியது என்று நினைவுகூர்ந்து பாருங்கள். அந்த நினைவு பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துத் தந்துவிடும்.

புதுப் பியூஸ், பழையதன் அதே ஆம்பியராகவும் அதே உருவமாகவும் இருக்க வேண்டும். ஆம்பியர் எண் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கும், நிறமும் சொல்லும். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உருவத்தில் சாதாரண அளவு, மினி, உயரம் குறைந்த மினி என்று பல உண்டு. கடைக்குப் போகும்போது பழையதையே எடுத்துச் சென்று காட்டி வாங்குவது எளிது.

இந்த இடத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவதும், ஒரு துண்டு ஒயரை வளைத்து மாட்டுவதும் தீ வைப்பதற்குச் சமம். சாக்கெட்டுக்குப் போகும் ஒயரின் தடிமன் அந்தப் பியூசின் அளவுக்கு ஏற்ப முடிவு செய்யப்பட்டது. பியூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது டேஷ்போர்டுக்குள் மற்ற ஒயர்களோடு ஒரே கட்டாக ஓடும் அந்த ஒயரின் உறை. பழைய கார் வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் அப்படி ஏதும் செய்து வைத்திருக்கிறாரா என்று, சாக்கெட் நன்றாக வேலை செய்தாலும், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பியூசின் எண்ணையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

உதிரிப் பியூஸ் இல்லாமல் மலைமேல் மாட்டிக்கொண்டால், அதே ஆம்பியருள்ள வேறொரு பியூசைத் தற்காலிகமாக எடுத்துப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்காட்டுச் சாலையில் எப்போது பனிமூட்டம் இறங்கும் என்று சொல்ல முடியாது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் ஆகியவற்றின் பியூசைக் கழற்றிக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவது சரியான கணக்கல்ல. பவர் பேங்க் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

புதுப் பியூசும் போனால்

சாக்கெட்டில் எதையும் செருகாமல் புதுப் பியூசைப் போட்டு, சாவியை ஏசிசிக்குத் திருப்புங்கள். பியூஸ் நிலைத்தால் சார்ஜரைச் செருகுங்கள். அப்போது போனால் சார்ஜருக்குள்தான் ஷார்ட், அதைக் குப்பையில் போடுங்கள். எதுவும் செருகாமலே பியூஸ் போகிறதென்றால் சாக்கெட்டிலோ அதன் ஒயரிலோ ஷார்ட் இருக்கிறது. அதே பியூசில் ரேடியோவோ கண்ணாடி மோட்டாரோ சேர்ந்திருந்தால் குற்றம் அவற்றிலும் இருக்கலாம். பழைய கார்களில் முந்தைய உரிமையாளர் டேஷ்கேமுக்கோ அலங்கார விளக்குக்கோ சாக்கெட்டின் பின்னாலிருந்து ஒயர் இழுத்து, வெறும் டேப் சுற்றி விட்டிருப்பார். வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிரிந்து, செம்பு பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான் முதலில் தேடும் இடம் அதுவே.

இதற்கு மேல் பியூஸ் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டிவிடுவார். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தும் கப்ளர்களைக் கழற்றியும் பார்க்கையில், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே கோளாறு. ஒரு பியூஸ்கூட வீணாகாது.

பியூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் இல்லை என்றால்

சாவியை ஏசிசியில் வைத்து, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனையைக் குழியின் நடுப்பொட்டிலும் கறுப்பு முனையைச் சுவரிலும் தொடுங்கள். இரண்டு முனைகளும் உள்ளே ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் இப்போதுதான் போட்ட பியூஸ் போய்விடும். இன்ஜின் ஓடாதபோது 12 வோல்ட்டுக்குச் சற்று மேலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும்.

ஒன்றும் காட்டவில்லை என்றால், சிவப்பு முனையை நடுப்பொட்டிலேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை மட்டும் பெயிண்ட் இல்லாத ஒரு பாடி போல்ட்டுக்கு மாற்றுங்கள். இப்போது 12 வோல்ட் வந்தால் வரும் வழி நலம். திரும்பும் வழி, அதாவது எர்த் அறுந்திருக்கிறது. கறுப்பு ஒயரின் போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். அப்போதும் வராவிட்டால் பியூசுக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளியில் அடிக்கடி விடும் இடம் சாக்கெட்டின் முதுகில் உள்ள கப்ளர். இறுக்கமான சார்ஜரைத் திருகித் திருகிப் பிடுங்குவதில் சாக்கெட் தன் இருப்பிடத்திலேயே சுழன்று, கப்ளர் கழன்றுவிடுகிறது. சாக்கெட்டை விரலால் திருகிப் பார்த்து, அது சுழன்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டியும் சார்ஜர் ஓடாத நிலை ஒன்று உண்டு; புதியவர்களை மிகவும் குழப்புவது இதுதான். மீட்டர் மிகச் சொற்பக் கரண்ட்டையே இழுப்பதால், துருப்பிடித்த இணைப்பில் ஒரு மெல்லிய இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை அதே இரு இடங்களிலும் வைத்தால் குட்டு வெளிப்படும். மங்கலாக எரிந்தாலோ எரியாமல் போனாலோ வழியில் எங்கோ லூஸ் கான்டாக்ட்.

கப்ளரைப் பார்க்க, கியரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்யத் துணிந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் அதன்பின் ரேடியோ ரகசிய எண் கேட்கும் என்பதால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்னரே பாருங்கள். பலகைகளில் கிளிப்புகளே அதிகம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கீறல் விழும், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறையிட்ட ஒயரோ தென்பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். அது ஏர்பேக்குக்கு உரியது. வாரண்டி முடியாத காரில் பலகையைக் கழற்றுவதையே தவிர்த்து, சர்வீஸ் சென்டரில் விடுவது நல்லது.

ரிலேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாவியை ஏசிசிக்குத் திருப்பும்போது பியூஸ் பெட்டிப் பக்கம் ஒரு சிறு டிக் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை, ரேடியோவும் ஓடவில்லை என்றால், பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். சரியானால் புது ரிலே வாங்கிவிட்டு, கடன் வாங்கியதை அதன் இடத்தில் திருப்பி வையுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் விடும்போது

“சாக்கெட் ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், என்ன மாட்டியிருந்தபோது போனது, பியூஸ் எப்படி உருகியிருந்தது, நடுப்பொட்டில் எத்தனை வோல்ட் வருகிறது, ரேடியோ ஓடுகிறதா என்று நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். போன பியூசையும் காட்டுங்கள். தேடும் நேரம் குறையும், கூலியும் குறையும். புதுச் சாக்கெட்டைத் தனி ஒயர் இழுத்துப் போடலாம் என்று அவர் சொன்னால், அந்த ஒயருக்குப் பேட்டரிக்கு மிக அருகில் தனிப் பியூஸ் வைக்கச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாத ஒயரை ஏற்கவே வேண்டாம்.

எவ்வளவு லோடு ஏற்றலாம்

வாட்டை 12 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 18 வாட் கைப்பேசிச் சார்ஜர் ஒன்றரை ஆம்பியர். இரண்டு துளைகள் கொண்ட 36 வாட் சார்ஜர் 3 ஆம்பியர். இவற்றால் பியூஸ் போக வழியில்லை. லேப்டாப்புக்காக 150 வாட் இன்வெர்ட்டர் மாட்டி முழு அளவில் ஓட்டினால் 12.5 ஆம்பியர், அதிலேயே வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். 10 ஆம்பியர் பியூஸ் தாங்காது. காற்றடிக்கும் பம்பும் வேக்குவம் கிளீனரும் இந்த வரம்பை ஒட்டியோ மீறியோ இருக்கும் என்பதால், வாங்கும்போதே அட்டையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள்; சாக்கெட்டின் மூடியிலோ ஓரத்திலோ எழுதியிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். ஒரு சாக்கெட்டை மூன்றாக்கும் பிரிப்பானை மாட்டினாலும் வரம்பு மூன்று மடங்காகாது.

சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருக்கும் உறவினரிடமிருந்து சார்ஜர், பம்பு வாங்கிப் பயன்படுத்துவோரும் கொடுப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய லாரிகளின் மின்னமைப்பு 24 வோல்ட். 12-24 என்று எழுதியிருக்கும் சார்ஜர் இரண்டிலும் ஓடும். 12 வோல்ட் மட்டும் என்று எழுதிய பம்பை லாரியில் செருகினால் அது புகைந்துவிடும், லாரிக்கென்றே வந்த 24 வோல்ட் பம்போ காரில் முனகிக்கொண்டு நிற்கும்.

கோளாறு தீர்ந்ததும், சார்ஜரைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சாக்கெட்டின் ஓரத்தையும் சார்ஜரின் மூக்கையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் இணைப்பு இன்னும் தளர்வாக இருக்கிறது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, சார்ஜரின் சிறு விளக்கு அணைகிறதா என்று சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். சில கார்களில் அது உடனே அணையாது. அணையவே இல்லையென்றால் உங்களுடையது எப்போதும் கரண்ட் வரும் சாக்கெட். ஏற்காட்டில் இரவு தங்கும்போது அதில் டேஷ்கேமை விட்டுவைத்தால், வயதான பேட்டரி குளிர்ந்த காலையில் இன்ஜினைச் சுழற்ற மறுக்கலாம். அத்தகைய காரில் வண்டியைப் பூட்டுவதற்கு முன் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும்.